கரிகாடனைக் கொன்ற பக்கம்

கையெழுத்துப் பத்திரிகை முள்ளியவளையில் இருபது வீடுகளைச் சுற்றிவிட்டு ஜனார்த்தனனிடம் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தைக் காணவில்லை. யாரோ பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் இருப்புக்கொள்ளாமல் அலைந்து, சாப்பாடு தூக்கம் கெட்டு எழுதிய பக்கம் அது.

தொண்ணூற்றேழில் வன்னிக்குள் கடதாசி கிடைப்பது குதிரைக் கொம்பு. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் பத்திரிகை. இருந்ததும் ஒரே பிரதி; வீட்டுக்கு ஒரு நாள் என்று கைமாறும். எழுதுவதும் லேசுப்பட்ட வேலையில்லை. சண்டையில் வலது கையை முழங்கையோடு கொடுத்துவிட்டு வீடு வந்தவன் ஜனார்த்தனன். இடது கையால் ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போய்விடும்.

அதில் அவன் எழுதிவந்த தொடர்கதையின் நாயகன் கரிகாடன். முப்பது போர் கண்டு சலித்துப்போன வீரன். நீலி என்ற மந்திரக்காரி இட்ட சாபத்தால் வாள் அவன் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. குளத்தில் வீசிப் பார்த்தான், போகவில்லை. படுத்தாலும் வாள், முகம் கழுவினாலும் வாள். அவனை எப்படி விடுவிப்பதென்று எழுதுகிறவனுக்கே பிடிபடவில்லை. ‘பேசாமல் நீலியைக் கட்டி வையுங்கோ’ என்று பக்க ஓரத்தில் எழுதி அனுப்பிய புண்ணியவான்களும் உண்டு. கடைசியில் ஒன்பதாம் பாகத்தில், அந்த வெட்டுப்பட்ட பக்கத்தில்தான், ஆளையே கொன்றுவிட்டான். செத்த பிறகுதான் விரல்கள் திறந்து வாள் விழுந்தது. எழுதி முடித்தால் நிம்மதி வருமென்று பார்த்தான், அது வரவில்லை.

ஒற்றைக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். முதல் ஐந்து வீட்டாரும், “பாவம், செத்துப்போனான்” என்றார்கள். ஆறாம் வீட்டில் அந்நேரம் ஆளில்லை. ஏழாம் வீட்டு ராஜினியோ, “கரிகாடன் நீலியின்ரை வாசலிலை நிக்கிறான். அடுத்தது எப்ப வரும்?” என்று கேட்டாள். அப்படியென்றால் வெட்டியது ஆறாம் வீடு.

ஆறாம் வீடு சுப்பம்மாவுடையது. மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து குடியேறியவள். மகன் வினோதன் சண்டைக்குப் போய்ப் பதினாறு மாதம். ஒரு கடிதமும் இல்லை. அவள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்தப் பக்கத்தை நீங்களோ வெட்டினனீங்கள்?”

“ஆமா தம்பி, நான்தான்.” அவள் கை நிற்கவில்லை. “எனக்கப்புறம் பதினாலு வீடு இருக்கு. அதுல ஏழு வீட்டுப் புள்ளைங்க சண்டையிலதான் நிக்குதுங்க. நான் படிச்சதே போதும்னு எடுத்துட்டேன்.”

“அது கதையம்மா. அவன் சாகாமல் அந்த வாள் கையை விட்டு வராது.”

சுப்பம்மா நிமிர்ந்து, ஊசி குத்தி மடித்திருந்த அவன் சட்டைக் கையைப் பார்த்தாள்.

“ஏன் வராது? கைய எடுத்துட்டா வாளும் கூடவே போயிரும். கை போனா போவுது. நீ வீட்டுக்கு வரலையா?”

இவ்வளவு நாளும் இது ஜனார்த்தனனுக்குத் தோன்றாமல் போனது தற்செயல் இல்லை. அவன்தான் அந்த நினைப்பின் பக்கமே போகவில்லை. கூட நின்றவர்களெல்லாம் மண்ணுக்குள் போக, தான் மட்டும் திரும்பி வந்ததை அவனால் பொறுக்க முடியவில்லை. தனக்கு வாய்க்காத சாவைக் கரிகாடனுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

அவள் உள்ளே போய், நாலாக மடித்த பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“மாத்தி எழுதுறியா?”

“எழுதிப் பாக்கிறன்.”

“ஊருல அவனுக்கு யாரு இருக்கா?”

ஒன்பது பாகத்தில் ஒன்றிலும் அவன் அதை எழுதவில்லை.

“ஒரு அம்மா இருக்கிறா,” என்றான்.

“அப்ப அவ இன்னும் வாசப் படலையச் சாத்தல, தம்பி. அத மொதல்ல எழுது.”