சவரம் செய்த வேர்

செப்டம்பர் 19, வியாழன்.

என் தவறை முதலில் எழுதிவிடுகிறேன். சோதனைக்காக ஐந்து வயது ஜின்செங் மருந்து வேரை அதன் முடி போன்ற மெல்லிய கிளைவேர்களோடு அரைத்தேன். ஆறு வயது வேரை அந்த முடியை வெட்டிவிட்டு அரைத்தேன். பொட்டலத்தின் மேல் இதைக் குறிக்கவும் இல்லை.

அத்தையின் தோட்டத்தில் ஐந்து பாத்தி ஜின்செங், எல்லாம் ஐந்து வயது. ஒரு மூலையில் வேரழுகல் தொடங்கியிருக்கிறது. இப்போதே தோண்டுவதா, துணிந்து இன்னொரு வருடம் விடுவதா? ஆறு வயதில்தான் மருந்து நன்றாக ஏறும் என்று எங்கள் கும்சான் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அளந்து பார்த்துவிடலாம் என்று சொன்னது நான்தான். பக்கத்துத் தோட்டத்தில் ஆறு வயது வேர் மூன்று வாங்கி, எங்களுடைய மூன்றோடு தனித்தனியாக அரைத்து, நான் போகும் மாலை விவசாய வகுப்பின் ஆய்வகத்தில் கொடுத்தேன்.

திங்களன்று முடிவு வந்தது. ஐந்து வயதில்தான் மருந்துச் சத்து அதிகம். அத்தை செவ்வாய் காலையிலேயே நிழல்வலையை அவிழ்த்துவிட்டாள். நேற்றுக்குள் இரண்டு பாத்தி தோண்டியாயிற்று.

இன்று வகுப்பில் பாங் வாத்தியார் மீதமிருந்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா நாரே, இந்த ஆறு வயசுக்காரனுக்கு முடி எங்கம்மா?"

"வெட்டிட்டேன் சார்."

"மத்தவனுக்கு?"

"அப்படியே விட்டுட்டேன் சார்."

"சத்து அதிகமா இருக்கறதே அந்த முடியிலதானே! ஒருத்தனை மொட்டையடிச்சு, இன்னொருத்தனைச் சடையோட தராசுல நிறுத்திருக்கே."

ஆறு வயது வேர் கைக்கு வந்தால் முடியை நறுக்கி, உடம்பையும் கால்களையும் வடிவாக்கி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். என் கத்தரிக்கோல் தானாகப் போயிருக்கிறது. ஐந்து வயதை அப்படி யாரும் அலங்கரிப்பதில்லை.

வீட்டில் அத்தை சோயாக் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அப்போ எது ஒசத்தி, அஞ்சா ஆறா?"

"தெரியல அத்தை."

"தெரியலயா! மூணு மாசமா வகுப்புக்குப் போய் இதைத்தான் கத்துக்கிட்டியா? தோண்டினதைத் திரும்ப நட்டா முளைக்குமாடி?"

"முளைக்காது."

"அதுவாவது தெரியுதே."

கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் வழியே தோட்டத்தை எட்டிப் பார்த்தாள். எனக்கு என் மீதே எரிச்சல். மறுபடி சோதிக்கலாம் என்றால் முடிவு வர இரண்டு வாரம். இலை இன்னும் பச்சையாக இருக்கிறது, ஆனால் நிழல்வலை இல்லாமல் வெயிலை அதுவரை தாங்காது. என் முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். தவறாகவும் இருக்கலாம். அதுதான் தாங்கவில்லை.

"மூலைப் பாத்தியைத் தோண்டிடுவோம், அது எப்படியும் அழுகும்" என்றாள் கடைசியில். "மீதி ரெண்டும் ஆறு வயசு வரைக்கும் இருக்கட்டும். அழுகினா என் தலையெழுத்து. இனிமே உன் காகிதத்தைக் கேட்டு மண்ணைத் தொட மாட்டேன்."

குழம்பை என் கிண்ணத்தில்தான் முதலில் ஊற்றினாள்.

நாளை: வெயில் ஏறுமுன் இரண்டு பாத்திக்கும் நிழல்வலையை மறுபடி கட்ட வேண்டும்.