பூட்டிய வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர்

ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், அந்த ஊருக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் கூடிவிடும். கதவைச் சும்மா சாத்திவிட்டுச் சந்தைக்குப் போகிறவர்களைச் சாலை கண்டுகொள்ளாது. பூட்டுத்தான் அதற்குக் கணக்கு. ஆதியில் மூன்று கிலோமீட்டர். தச்சர் குடும்பம் போனபோது நான்கு, வாத்தியார் மாற்றலாகிப் போனபோது ஐந்து. பத்து வருஷத்தில் பதினொன்று. மிச்சம் நாற்பத்திரண்டு பேர். சாலைக் கற்களைப் பராமரிக்கும் சாலைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. பஸ் நிற்கும் முனையில் புதிதாக முளைத்த கல்லுக்கு வெள்ளையடித்து, கறுப்பில் எண் எழுதி, ஆடு வந்து உரசாமல் காயும்வரை காவல் இருந்துவிட்டுத் திரும்புவார். ஈர வர்ணத்தை விட்டு நகர்ந்ததே இல்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி உண்டானாள். வலி ஒரு காலை ஏழு மணிக்கு, பத்து நாள் முன்னதாகவே வந்தது. ஆம்புலன்ஸ்காரர்களின் வரைபடத்தில் ஊர் இன்னும் மூன்றாவது கிலோமீட்டரிலேயே இருந்ததால், அங்கே வெறும் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒன்பது மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான். வர்ண டப்பாக்களை இறக்கிவிட்டு, மூன்று சக்கர சைக்கிளில் மெத்தையைப் போட்டு மனைவியை உட்காரவைத்து மிதித்தார் சாலைக்காரர்.

ஒன்பதாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதினோராவது கல் வந்தது. பஸ் வரவில்லை. தூரத்தில், தீப்பெட்டி அளவில் நின்றுகொண்டிருந்தது. நடுவே நேற்றுவரை இல்லாத ஒரு கிலோமீட்டர் சாலை, கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று கிடந்தது.

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "என்னங்க... வீட்டைப் பூட்டிட்டா வந்தீங்க?"

"தொட்டிலுக்கு ராத்திரிதானே வெள்ளையடிச்சேன். கோழி ஏறி உரசிடுமேன்னு..."

"அட மனுஷா! கோழிக்குப் பயந்து எம்புள்ளைய ரோட்டுல பெக்க வைப்பீங்களா? தையக்கார அக்காவுக்குப் போன் போடுங்க!"

அடுத்த வீட்டுத் தையல்காரிக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. சுத்தியலோடு ஓடிய சத்தம் போனிலேயே கேட்டது. "பூட்டு நல்ல கெட்டியான பூட்டுப்பா, எங்க வாங்கின?" என்றாள். முதல் அடி. இரண்டாவது அடி. மனைவி அவர் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான்கள் தெறித்தன. மூன்றாவது அடிக்குப் பூட்டு வாய் பிளந்தது. சாலை, உலர்ந்த சேலையை மடிப்பதுபோல ஓசையில்லாமல் மடிந்தது. பஸ் அவர்களுக்கு முன்னால், எஞ்சின் சூடு முகத்தில் அடிக்கும் தூரத்தில் நின்றது.

"எங்கிருந்துய்யா முளைச்சீங்க?" என்றார் கண்டக்டர். பதிலுக்குக் காத்திராமல், நீள சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரிப் படியேறிய கால் மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

மூன்று வாரம் கழித்து, குழந்தையும் அவர்களும் அதே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். காத்திருந்த மூன்று சக்கர சைக்கிளில் ஏறி வந்தபோது வீடு கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. தொட்டிலில் வர்ணம் காய்ந்திருந்தது, ஒரு கோழியின் காலடித் தடத்தோடு. மறுநாள் சாலைக்காரர் அளந்து பார்த்தார். பத்தரைதான். குழந்தைக்குப் பஸ்ஸில் அரை டிக்கெட்கூடக் கிடையாது. சாலையோ அரைக் கிலோமீட்டர் குறைத்துக் கொடுத்திருந்தது. அரை என்பதைக் கல்லில் அவர் எழுதியதே இல்லை. கீழே விரலால் மண்ணில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, தூரிகையை எடுத்தார்.