பகிரப் பகிரத் தேய்ந்த முகம்

படத்தை முதல் ஆயிரம் பேர் பகிர்ந்த அன்று, சிலையின் இடது காதுமடல் தேய்ந்து தரையில் மாவாகக் கிடந்தது. சமையல்மேடைக் கல் அறுக்கிற பட்டறைக்காரர், மிஞ்சிய துண்டில் செதுக்கிய தலை அது. காய்ச்சலில் போய்விட்ட அவருடைய ஒரே மகளின் தலை. தெருவே அவளை வாலு என்றுதான் கூப்பிட்டது. அவள் போன மறுவருஷம் தாய்க்குக் கண்பார்வையும் போயிற்று. பட்ட காலிலேதானே படும். ஆகவே அந்தச் சிலை தடவுவதற்கென்று செய்தது: புருவத்துத் தழும்பு, முன்பல் இடைவெளி, இரட்டைப் பின்னல் எல்லாம் விரலுக்குத் தட்டுப்படும். அம்மாக்காரி காலையில் அந்தக் கன்னத்தைத் தடவிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

படம் போட்டவன் அம்மாக்காரியின் தம்பி. செல்போன் பழுது பார்க்கிறவன். “மாமா, உங்ககிட்ட இப்படி ஒரு வித்தை இருக்குன்னு யாருக்குத் தெரியும்? போட்டு விடுறேன், பாருங்க” என்று போட்டான். பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் இதயம் அனுப்பினார்கள். ஆயுசு முழுக்க “ஓரம் கோணலா இருக்கே” என்பதை மட்டுமே கேட்டுப் பழகிய மனுஷர், பட்டறையில் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதார்.

“ஏங்க, காது எங்கேங்க?” என்று மறுநாள் காலையில் மனைவி கேட்டாள். கல்லில் கோளாறு என்றார். தம்பிக்குச் சந்தேகம் தட்டி, பின்னல்களை மட்டும் படமெடுத்துப் போட்டுப் பார்த்தான். விடிவதற்குள் இரண்டும் கரைந்து வாலுவுக்குக் கிராப்பு வெட்டியது போலாகிவிட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். இங்கே கண்ணடி கல் மேலேயே விழுந்தது. “போதும். எல்லாத்தையும் எடுத்துடுங்க. எனக்கு இருக்கிறது அவ மூஞ்சி ஒண்ணுதான்” என்றாள் மனைவி. அவர் தலையை ஆட்டினார். பார்வையில்லாதவளிடம் தலையாட்டினால் வாக்குக் கொடுத்ததாகாது என்று அவருக்கு ஒரு கணக்கு.

அதன்பின் அவரே படமெடுக்கக் கற்றுக்கொண்டார். காலை வெயிலில் ஒன்று, ஈரத்துணி போர்த்தி ஒன்று. சும்மா சொல்லக்கூடாது, படங்கள் அற்புதம். மூக்கு போயிற்று, பேட்டி எடுக்க வந்தார்கள். தழும்பு போயிற்று, மேடையேற்றி மாலை போட்டார்கள். ஒவ்வொன்றும் கடைசிப் படம் என்றுதான் எடுத்தார், பாவி மனுஷன். உதடு போன அன்று மனைவி அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் பயந்துபோய்ப் புதுக் கல்லைத் தூக்கிவந்து, செல்போனைப் பக்கத்தில் சாய்த்துவைத்து, தழும்பு பிசகாமல் இன்னொன்று செதுக்கினார். மனைவி நெடுநேரம் தடவினாள்.

“யாருங்க இது?”

“நம்ம வாலுதான்.”

“இல்லீங்க. இது நீங்க படத்தைப் பாத்துச் செஞ்சது. அவ சிரிக்க வந்தா ஒரு பக்கக் கன்னம் மொதல்ல எழும்பும். அது உங்களுக்கே மறந்துபோச்சு.”

உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தது.

பழைய தலை முட்டை மாதிரி வழவழவென்று ஆனபிறகு, அதையும் படமெடுத்து ‘மறதி’ என்று பெயர் வைத்துப் போட்டார். எல்லாவற்றையும்விட அதைத்தான் உலகம் அதிகம் பகிர்ந்தது. இப்போது கல் ஒரு குழவி அளவுக்கு வந்துவிட்டது. மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். செல்போனோடு அவர் வந்து நின்றால், மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வாள். வைவதெல்லாம் விட்டாயிற்று. கல்லைத் துணியால் துடைத்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடிப்பாள்.

“எடுத்துக்கோங்க. இன்னும் கொஞ்சந்தானே இருக்கா” என்பாள்.

அவரும் எடுத்துக்கொள்வார். படம் நன்றாகத்தான் வருகிறது.