நடுக்கம் என்ன விலை

குன்னூரில் குளிர்கால சென்ட் விற்கிற கடையில் ஒரு சட்டம் உண்டு. வாங்குகிறவர் முகர்ந்து பார்க்கக் கூடாது. யாரை மனதில் வைத்து வாங்குகிறாரோ அவர்தான் முகர வேண்டும். நியாயமான சட்டம். புடவைக் கடைகளுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

"யாருக்காக அம்மணி?" என்றார் கடைக்கார ஹனீபா பாய்.

மறுநாள் நாத்தனார் மகள் கல்யாணம். வீட்டுக்காரருக்காக என்றுதான் சௌந்தரவல்லி சொல்ல நினைத்தாள். வாய், "என் ஓரகத்தி கோமளா" என்றது.

பாய் இழுப்பறையைத் திறந்தார். அதற்குள்ளிருந்து கோமளா எழுந்து வந்தாள். புடவை மடிப்புக்கூடக் கலையவில்லை. சௌந்தரவல்லிக்கு அதுவே எரிச்சல்.

பாய் சௌந்தரவல்லியின் இடது மணிக்கட்டில் ஒரு பாட்டிலை அடித்தார். அகில் கட்டைப் புகை. வலதில் இன்னொன்று. பட்டை, புகையிலை, தீயில் வாட்டிய தோல். இரண்டும் ராஜா வீட்டுச் சரக்கு.

கோமளா இடதை முகர்ந்தாள். "அருமைங்க்கா." முகம் கொஞ்சமும் வாடவில்லை.

வலதை முகர்ந்தாள். "இதுவும் அருமைங்க்கா. நீங்க விடறதை நான் எடுத்துக்கறேன்."

சௌந்தரவல்லி கணக்குப் போட்டாள். எதை விட்டாலும் விட்டதுதான் ஒசத்தியாகிவிடும்.

"ரெண்டையும் கட்டுங்க பாய்."

பாய் அவள் கைமேல் துண்டைப் போட்டார். மாட்டுச் சந்தையில் போல இங்கேயும் விலையை விரலால்தான் பேசுவார்கள். ஆனால் ரூபாய் செல்லாது. மார்கழிதான் செல்லும். பாய் அவள் கையை மொத்தமாகப் பிடித்தார். இனி அவளுக்கு வரவேண்டிய மார்கழி அத்தனையும்.

அவள் சுண்டுவிரலை மட்டும் உருவினாள்.

"சரி. அப்ப ஒண்ணை இவங்களுக்குக் குடுத்துடறேன்," என்றார் பாய், கோமளாவைப் பார்த்து.

சுண்டுவிரல் திரும்பிப் போனது.

வெளியே பனிமூட்டம் அவள் பக்கத்தில் வந்து, ஆள் தப்பு என்பதுபோல் விலகிப்போனது. வியர்த்துக் கொட்டியது. வியர்வையில் இரண்டு சென்ட்டும் கலந்து, கருகின குழம்பு மாதிரி வீசியது.

கூடவே வெளியே வந்த கோமளா ஒன்றும் பூசாமல் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். வாசலில் காத்திருந்த மாமியார் தன் சால்வையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினாள்.

"நடுங்கறதுலகூட என்ன ஒரு லட்சணம்!" என்றாள். பிறகு மூக்கைச் சுளித்துச் சௌந்தரவல்லி பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டி அடுப்படியிலிருந்து வர்றே?"

சௌந்தரவல்லி விடுவிடுவென்று கடைக்குத் திரும்பினாள். துண்டுக்கு அடியில் கையை நீட்டினாள். அந்தக் கையில் ஒன்றும் மிச்சமில்லை என்பது வெளியே தெரியவில்லை. துண்டின் வசதி அது.

"அவ போட்டிருக்காளே பாய், அந்த நடுக்கம். அது என்ன விலை?"

பாய் இரண்டு நடுக்கங்களை எடுத்து முன்னால் வைத்தார்.

"யாருக்காக அம்மணி?" என்றார், இழுப்பறையில் கை வைத்தபடி.