வயலெத்தை வளர்த்தவர்

பிரான்சின் ஓவெர்ஞ் பகுதியில், ஒரு மலைக்கிராமத்தின் கால்நடைக் கண்காட்சியில் முதல் பரிசு வயலெத் என்ற பசுவுக்குக் கிடைத்தது. "வளர்த்தவர் அர்மான் புஷே!" என்று நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அர்மானின் மனைவி ஒடெத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தாயில்லாக் கன்றாக இருந்த வயலெத்துக்குப் புட்டியில் பால் புகட்டி வளர்த்தவள் அவள். விண்ணப்பத்தில் தன் பெயரை எழுதச் சொல்லியும் இருந்தாள். அவன் வழக்கம்போலத் தன் பெயரை எழுதிவிட்டான்.

பரிசு வாங்கக் கூட்டிப்போக அவன் வயலெத்தின் கயிற்றை இழுத்தான். பசு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது.

"என்ன அர்மான், உன் கல்யாணத்தன்னிக்கு, பண்ணிவெச்ச மேயர் முன்னாடி ஒடெத் சம்மதம் சொல்லாம நின்ன மாதிரியே நிக்குதே!" என்று ஒயின் கடைப் பக்கமிருந்து யாரோ கத்த, சிரிப்பு வெடித்தது.

"ஒடெத், நீ கூப்பிட்டாத்தான் வரும். கொஞ்சம் கூப்பிடேன்."

"வளர்த்தவன் நீதானே? நீயே கூப்பிடு."

"என் மானத்த வாங்காதடி."

"என் பேர எழுதாம விட்டியே, அப்போ என் மானம் எங்க போச்சு?"

அர்மான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடுவரிடம் போனான். "தப்புப் பண்ணிட்டேங்க. வளர்த்தது என் பொண்டாட்டி. அவ பேரச் சொல்லுங்க."

ஒலிபெருக்கியில் தன் பெயர் முழுதாக ஒலித்து, அர்மான் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்த பிறகுதான் ஒடெத் நாக்கைச் சொடுக்கினாள். அர்மானையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வயலெத் அவளிடம் வந்தது.

"கயித்த விடு," என்றாள் ஒடெத். "மிச்சத்த வீட்டுல பேசிக்கலாம்."