அக்காவின் அட்டை

"செல்லம் ராமசாமி!"

மலாய்க்காரத் தாதி இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் மோகனா எழுந்தாள். ஏழு வருடமாக இந்தப் பெயருக்கு எழுந்து பழகியவள்தான். இன்றைக்குக் கால் வரவில்லை.

செல்லம் அவளுடைய அக்கா. லாபு ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்துவிட்டாள். வண்டி பிடிக்கப் போன அக்கா புருஷன் மகேந்திரன் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மோகனா வாயைத் திறந்து அலறப் போனபோது அவர் அவள் வாயைப் பொத்தினார்.

"கத்தாத. இன்னிக்குத்தானே உனக்கு கிளினிக்?"

"மாமா, அக்காவ இப்படிப் போட்டுட்டா?"

"போலீஸ்ல சொன்ன ஒடனே இவ ஐசி கார்ட வாங்கிக்குவானுங்க. அப்புறம் உன் ஊசி மருந்துக்கு எங்க போவ? இருக்கிறவளயாவது பாக்கணும்லா. நீ போய் வாங்கிட்டு வா. பன்னெண்டு மணிக்குத்தான் உசுரு போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டு அவர், குலை வெட்டிக் காய்ப்பேறிய கையால் செல்லத்தின் கண்களை மூடினார். கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டார். காலைப் பெரட்டுக்கு வேலையாள் எண்ண வந்த தோட்டத்துக் கங்காணி, மண்டோர் புனிதன், வாசலில் மோட்டாரை நிறுத்தி, "செல்லம் வரலயா?" என்று கேட்டபோது, "காய்ச்சல்" என்றார். ஒப்பாரிக்குப் பேர் போன லயத்து வரிசை வீடுகள் அவை. அன்று காலை அங்கே சாவு விழுந்த சத்தமே இல்லை. மோகனா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சமையல்கட்டில் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பஸ்ஸுக்கு நடந்தாள். முந்தாநாளே மருந்து தீர்ந்துவிட்டதில் வழியெல்லாம் தலை சுற்றியது.

செல்லம் பிறந்தபோது தோட்டத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே எழுதிக் கொடுத்த காகிதத்தை வைத்துத்தான் அவளுக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, அந்த ஐசி, கிடைத்தது. மோகனா பிறப்பதற்குள் ஆஸ்பத்திரியை மூடி, அதில் உர மூட்டை அடுக்கிவிட்டார்கள். அவள் லயத்திலேயே பிறந்தாள். அப்பா நாளைக்குப் பதியலாம், நாளைக்குப் பதியலாம் என்று தள்ளிப்போட்டார். பிறகு மூன்று முறை மனுப் போட்டும் பதில் வரவில்லை. நாற்பத்தொரு வருடமாக இந்த மண்ணை விட்டு எங்கும் போகாதவள், கிளினிக் கவுண்டரில் மட்டும் வெளிநாட்டுக்காரி. அந்தக் கட்டணத்தில் இன்சுலின் வாங்கினால் வீட்டில் உலை வைக்க முடியாது. உதிர்ந்த பழம் பொறுக்கும்போது அவள் மயங்கி விழுந்த அன்றைக்குத்தான் செல்லம் தன் அட்டையை எடுத்து நீட்டினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே. எவன் பாக்கப் போறான்?"

எவனும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு நோயாளிதான் என்பது அன்றைக்கு இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. போன மாதம் செல்லத்துக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. டாக்டரிடம் போ என்று மோகனா கெஞ்சாத நாளில்லை.

"நான் போய் நின்னா யாருன்னு கேப்பாங்க. ரத்தம் எடுத்தா சக்கரையே இருக்காது. உன் மருந்து நின்னுரும்டி. இது வெறும் வாயுதான், விடு" என்று செல்லம் இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் குடித்தாள். ஒரு மாதம் இஞ்சித் தண்ணீரிலேயே ஓடியது.

டாக்டர் துஷ்யந்தி சிரம்பான்காரர், தமிழ்ப்பெண், இந்தக் கிளினிக்குக்குப் புதிது. கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வாங்க செல்லம் அக்கா. ஏன் சக்கரை இவ்ளோ ஏறியிருக்கு? கண்ணெல்லாம் வீங்கியிருக்கே, அழுதீங்களா?"

காலையிலிருந்து பல்லைக் கடித்து அடக்கியதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோனது. மோகனா வாய்விட்டு அழுதாள்.

"வீட்டுல சாவு, டாக்டர். இன்னிக்குக் காலையில."

"ஐயோ! யாரு?"

செல்லம் செத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? செல்லம்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே.

"தங்கச்சி. மோகனா."

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"நெஞ்சு வலி. ஒரு மாசமா இருந்துச்சு."

"ஒரு மாசமாவா?" டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க இத்தன வருஷம் இங்க வர்றீங்க. அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"அவளுக்கு ஐசி இல்ல, டாக்டர்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. "ஐசி இல்லாட்டியும் அவசரம்னா பாப்போம் அக்கா. பில்லெல்லாம் அப்புறம்தான்."

"அந்த அப்புறத்துக்குத்தான் பயம்" என்றாள் மோகனா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த காரியத்தைக் கேட்டாள். "மூணு மாச மருந்த ஒண்ணாக் குடுத்துருங்க டாக்டர். காரியம் அது இதுன்னு இனிமே வர முடியாது."

"முடியாது அக்கா. சிஸ்டம் மாசா மாசம்தான் விடும். அடுத்த மாசம் ஐசிய மட்டும் ஃபார்மசியில காட்டுங்க, போதும்."

மோகனா தலையாட்டினாள். ஒரு மாதம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கூடப் பிறந்தவங்களுக்கு இப்படின்னா உங்களையும் பாத்தாகணும். இப்பவே ஒரு இசிஜி எடுத்துடலாம்."

"வேணாம் டாக்டர், நேரமாச்சு..."

"அஞ்சு நிமிஷம்தான். உங்க தங்கச்சிக்கு விட்ட மாதிரி உங்களுக்கும் விட முடியுமா?"

திரைக்குப் பின்னால் மோகனாவைப் படுக்கவைத்தார்கள். நெஞ்சில் பசையைத் தடவி ஒயர்களை ஒட்டினார்கள். பைக்குள் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து நின்றது. மகேந்திரனாகத்தான் இருக்கும். அவள் கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாள்.

இயந்திரம் தாளைத் தள்ளியது. மேலே செல்லத்தின் பெயர், செல்லத்தின் ஐசி எண், இன்றைய தேதி, நேரம் பத்து ஐம்பத்திரண்டு. அதன் கீழே கோடு சீராக ஏறி ஏறி இறங்கியிருந்தது. டாக்டர் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க செல்லம் அக்கா. உங்க இதயம் நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

தாளை இரண்டாக மடித்துச் செல்லத்தின் கோப்பில் வைத்தார்.