எட்டாம் காம்பராவுக்குள் ஏழாம் காம்பரா

1970ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், கண்டியை அடுத்த ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், காம்பரா என்ற ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற மூன்றாம் லயத்தில், ஏழாம் காம்பரா எட்டாம் காம்பராவுக்குள் ஒரு முழம் போயிற்று. சுவர் இடியவில்லை, தகரம் சரியவில்லை. எட்டில் இருந்த ராக்கம்மாவின் அம்மிக்கல் பாதி ஏழில் தெரிந்தது, அவ்வளவுதான். ஏழில் இருந்தவள் அவளுடைய தங்கை அங்கம்மா. இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை என்பதால் யாரும் யாரிடமும் விசாரிக்கவில்லை.

பேச்சு நின்றதற்குக் காரணம் பனிமூட்டம். ஆளுக்கொரு நிரை என்று கங்காணி தேயிலை வரிசைகளைப் பிரித்துக் கொடுத்த ஒரு காலையில், கண் தெரியாமல் அங்கம்மா அக்காளின் நிரையில் புகுந்து அரைக்கூடை கொழுந்து கிள்ளிவிட்டாள். "திருடி" என்றாள் ராக்கம்மா. அதோடு முடிந்தது. பிறகு இந்தியாவுக்கா, இங்கேயேவா என்று கேட்டுக் குடியுரிமை விண்ணப்பத் தாள்கள் வந்தபோது, அங்கம்மா பெரிய கிளாக்கர் தேவராசாவின் மேசைக்கு முன்னால் போய் நின்று, "அவ எந்தப் பக்கம் எழுதுனாளோ, எனக்கு மத்தப் பக்கம் எழுதுங்கய்யா" என்றாள். தேவராசா யாழ்ப்பாணத்துக்காரர். "வடிவா யோசிச்சுச் சொல்லு பிள்ளை. கடல் தாண்டவேணும்." "கடல்தானே, எழுதுங்க." அவரும் எழுதினார். இந்தியாவில் தனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்பது மை காய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதைச் சொல்லி அழக்கூடிய ஒரே ஆளோடு பேச்சில்லையே, என்ன செய்வது?

தேவராசாவிடம் ஒரு தொலைநோக்கி இருந்தது. ஆடியை அவரே இரண்டு வருடம் உட்கார்ந்து தேய்த்து எடுத்தார். குழாய், கூரைத் தண்ணீர் வடியும் பீலித் தகரம். விளக்கு வைத்த கையோடு அஸ்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மங்கலைப் பார்ப்பார். அது ஒன்றல்ல, இரண்டு நட்சத்திர மண்டலங்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறது, நுழைந்த இழுப்பில் இரண்டுக்கும் வால் முளைத்திருக்கிறது என்பார். கோடிக்கணக்கான வருட வேலையாம். ஆனால் அவருடைய பீலிக் குழாயில் அது வாரத்துக்கு ஒரு நூல் நகர்ந்தது. அந்தந்த வாரம் ஏழாம் காம்பராவும் ஒரு விரல் நகர்ந்தது. "உள்ள போறப்ப நட்சத்திரமெல்லாம் முட்டிக்காதாங்கய்யா?" என்று குழாயில் கண் வைத்துப் பார்த்த ராக்கம்மா கேட்டாள். "முட்டாது. நடுவிலை இடம் கனக்கக் கிடக்கு. ஊடறுத்து அங்காலை போகும். தூரப் போய் நிண்டு, பிறகு திரும்பி வரும்."

இரண்டாம் வருடக் கடைசியில் இரண்டு காம்பராவும் ஒரே இடத்தில் இருந்தன. இரண்டு அடுப்பும் ஒரே மூலையில் எரிந்தன. ஒருத்தி மற்றவளுக்குள்ளேயே நடந்து போனாள். போகும்போது மற்றவளின் வாயில் இருந்த ருசி தெரிந்தது.

"ஏண்டி, கருவாட்டுக் கொழம்புல இம்புட்டு உப்பா போடுவ?" என்றாள் ராக்கம்மா.

"ஒன்னைய யாரு திங்கச் சொன்னா?"

"நான் எங்கடி தின்னேன், நடந்துதானே போனேன்."

எட்டு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.

1972 பங்குனியில் அங்கம்மாவின் கடவுச்சீட்டும் புறப்படும் தேதியும் வந்தன. இப்போது ராக்கம்மா மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "வேணாம்னு மாத்தி எழுதுங்கய்யா." "எழுதினது எழுதினதுதான்" என்றார் தேவராசா, அவள் முகத்தைப் பார்க்காமல். அங்கம்மா தகரப் பெட்டியோடு கண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறினாள். ஏழாம் காம்பரா எட்டிலிருந்து கழன்று, கூரையும் அடுப்புமாக ரயிலுக்குப் பின்னால் போயிற்று. பொல்கஹவெலை ஸ்டேஷனில் அதற்கும் பச்சைக் கொடி காட்டினார்கள். தலைமன்னார்க் கப்பலடியில் கொஞ்சம் நின்றது. மழை தூறியதால் அங்கம்மா உள்ளே ஏறி ஒதுங்கினாள்.

மூன்றாம் நாள் காலை, கொழுந்துக்குப் போகும் நேரத்தில், காம்பரா திரும்பி வந்து எட்டுக்குள் முழுதாக இறங்கியது. ராக்கம்மா இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள். "காலுல இருக்க மணலை வெளிய தட்டிட்டு வா" என்றாள்.

கப்பலேறாத ஆளைத் தேடி ஓர் அதிகாரி வந்தார். ஏழாம் காம்பரா எங்கே என்று கேட்டார். "எட்டுக்குள்ள இருக்குங்க" என்றாள் ராக்கம்மா. அவர் உள்ளே ஒரு நடை நடந்துவிட்டு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, ஏழு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்த லயத்தில் ஆறுக்கு அடுத்தது எட்டு. கங்காணி அக்காளுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே நிரையைக் கொஞ்சம் அகலமாகக் கொடுத்தார். குழம்பில் உப்பு மட்டும் குறையவில்லை.